எலிக்குக் குறைந்த சர்க்கரை அண்ணனுக்கும் குறையுமா? ஸ்லீவ், பைபாஸ், ஊசி, உணவு: ஓர் ஒப்பீடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்ற பேச்சு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது சர்வசாதாரணம். திருவனந்தபுரத்தில் செய்துகொண்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதற்கு வலுச் சேர்க்க ஒரு வாக்கியமும் கூடவே வருகிறது: "எலியிலேயே செய்து பார்த்து நிரூபித்துவிட்டார்கள்." தக்கலையில் கடை வைத்திருக்கும் என் அண்ணனும் அதையேதான் சொன்னார். வயது 48, உயரம் 168 செ.மீ., எடை 104 கிலோ. உடல் நிறை எண் கிட்டத்தட்ட 37. சர்க்கரை வந்து ஏழு ஆண்டாகிறது. இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9-க்குக் கீழே இறங்கவில்லை. "நீ விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள்தானே, எலிக்கு நடந்தது எனக்கும் நடக்குமா என்று பார்த்துச் சொல்லு" என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். விலங்கு ஆய்வுகள் பொய்யில்லை. அவற்றில் பல மிக அழகாக வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அவை விடை தேடிய கேள்வி "குடலை மாற்றி அமைத்தால் சர்க்கரை ஏன் குறைகிறது?" என்பது. அண்ணனுடைய கேள்வி "எனக்கு எது நல்லது?" என்பது. முதல் கேள்விக்கு எலி நன்றாகவே பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு எலியிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. மீதியை மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளிலும், அவரவர் வாழ்கிற வாழ்க்கையிலும்தான் தேட வேண்டும்.

முதலில் மனிதன், பிறகு எலி

எலியில் கண்டுபிடித்து மனிதனுக்குக் கொண்டுவந்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாறு நேர்மாறானது. அமெரிக்காவில் அறுவை மருத்துவர் வால்டர் போரிஸ் குழுவினர், எடை குறைய இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தவிர்த்து உணவு கீழே போகும்படி இணைப்பது) செய்துகொண்ட 608 பேரை 14 ஆண்டு தொடர்ந்து கவனித்து 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் 146 பேர். 121 பேருக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. அதாவது 83 சதவீதம். மருத்துவர்களை இன்னும் வியக்கவைத்தது வேறொன்று: பலருக்கு எடை குறைவதற்கு முன்பே, அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கிவிட்டது.

அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அந்த நாட்களில் நோயாளி அநேகமாக எதுவும் சாப்பிடுவதில்லை. பட்டினி கிடந்தால் யாருக்கும் சர்க்கரை இறங்கும். அல்லது, குடலின் பாதையை மாற்றியதே உடம்பில் எதையோ மாற்றியிருக்க வேண்டும். மனிதர்களிடம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். எலியிடம் முடியும். ஓர் எலிக்கு உண்மையான அறுவை. இன்னொன்றுக்கு வயிற்றைத் திறந்து, குடலின் பாதையை மாற்றாமல் மூடிவிடும் போலி அறுவை. பின்பு, முதல் எலி தின்ற அளவு தீவனத்தையே இரண்டாவதற்கும் நிறுத்துக் கொடுப்பார்கள். சாப்பாடு சமம், மயக்க மருந்து சமம், தையல் சமம். மிஞ்சுகிற வித்தியாசம் குடலின் பாதை மட்டும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அறுவை மருத்துவர் பிரான்செஸ்கோ ருபினோ 2004-லும் 2006-லும் வெளியிட்ட ஆய்வுகள். அவர் எடுத்துக்கொண்டது கோட்டோ-காகிசாகி எலி. ஜப்பானில் சாதாரண வெள்ளெலிகளுக்குள் சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து உருவாக்கிய இனம் அது. குண்டாக இருக்காது, ஆனால் சர்க்கரை நோய் இருக்கும். எடை என்ற குழப்பமே இல்லாத எலி. அதன் இரைப்பையை வெட்டாமல், இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலைத் தொடாமல் உணவு கீழே இறங்கும்படி மட்டும் வழியை மாற்றினார். சர்க்கரை மேம்பட்டது. இரைப்பையை நேரடியாகக் கீழ்ச் சிறுகுடலோடு இணைத்துவிட்டு, முன்சிறுகுடல் வழியையும் திறந்தே வைத்தபோது பலன் இல்லை. அதே எலிகளில் முன்சிறுகுடலை அடைத்தபோது பலன் வந்தது. ஏற்கெனவே மேம்பட்ட எலிகளில் உணவை மறுபடியும் முன்சிறுகுடல் வழியே விட்டபோது சர்க்கரை திரும்பவும் கெட்டது. இவ்வளவு தெளிவாக "கை வைத்தால் மாறுகிறது, கையை எடுத்தால் பழையபடி ஆகிறது" என்று காட்டிய சோதனைகள் உடலியலில் அதிகம் இல்லை.

இது முன்சிறுகுடலை ஒதுக்குவதே காரணம் என்கிற தரப்பு. சிறுகுடலின் கடைசிப் பகுதியே காரணம் என்கிற எதிர்த்தரப்பும் வலுவானதுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு துண்டை வெட்டி மேலே கொண்டுவந்து பொருத்தினார்கள். இரைப்பையும் குறையவில்லை, எந்தப் பகுதியும் ஒதுக்கப்படவில்லை. அரைகுறையாகச் செரித்த உணவு அந்தத் துண்டைச் சீக்கிரமே சென்று தொடுகிறது, அங்கிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது, சர்க்கரை மேம்படுகிறது. அப்படியானால் ஜிஎல்பி-1தான் முழுக் காரணமா? அந்த ஹார்மோன் வந்து ஒட்டி வேலை செய்யும் ஏற்பியே இல்லாமல் மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குறுகிய குழாயாக்கும் ஸ்லீவ் அறுவை செய்தார்கள். அப்போதும் எடை குறைந்தது, சர்க்கரையும் மேம்பட்டது. ஆக, அது மட்டும் காரணமில்லை. 2014-இல் பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளுக்கு அதே ஸ்லீவ் செய்து பார்த்தார்கள். அவற்றில் முதலில் குறைந்த எடை திரும்ப ஏறியது. சர்க்கரையில் கிடைத்த பலனும் நிலைக்கவில்லை. இரைப்பை சிறியதாகத்தான் இருந்தது, ஆனாலும் பயன் போய்விட்டது. இரைப்பையின் கொள்ளளவைக் குறைத்தால் குறைவாகச் சாப்பிடுவோம், அதனால் மெலிவோம் என்ற எளிய விளக்கம் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பைபாஸ் செய்த சுண்டெலியின் குடல் நுண்ணுயிரிகளை, கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிக்கு மாற்றியபோது அதுவும் எடை இழந்தது. பைபாஸ் செய்த எலியில், உணவு புதிதாக வந்து விழும் குடல் பகுதி தடித்துப் பெருத்து, அந்த வேலைக்காகவே இரத்தத்திலிருந்து அதிகச் சர்க்கரையை உறிஞ்சிச் செலவழித்தது. இரண்டும் 2013-இல் வெளிவந்தவை.

எலி சொல்லாதவை

கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் வெள்ளெலியை அறுத்துப் பார்க்கும் செய்முறை வகுப்பு இருந்தது. வயிற்றைத் திறந்து கல்லீரலின் மடல்களை இடுக்கியால் விலக்கினால், எலியின் இரைப்பையில் இரண்டு நிறம் தெரியும். இடப்பக்கம் வெளிறி, மெல்லிய தோல் போல இருக்கும் பகுதி தீவனத்தைச் சேமித்துவைக்க. வலப்பக்கம் இளஞ்சிவப்பாகத் தடித்திருப்பதுதான் அமிலமும் நொதியும் சுரக்கும் பகுதி. நடுவில் ஒரு மேடு வரப்பு போல ஓடும். மனித இரைப்பையில் அந்த வெளிறிய பகுதியே கிடையாது. எலிக்கு ஸ்லீவ் செய்யும்போது வெட்டி எடுப்பதில் பெரும்பங்கு அந்தப் பகுதிதான். மனிதனுக்கு ஸ்லீவ் செய்யும்போது வெளிப்புற வளைவையொட்டி நான்கில் மூன்று பங்கு இரைப்பையை எடுக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பெயர் ஒன்று, வெட்டப்படும் திசு வேறு.

கல்லீரலுக்கு அடியில் பித்தப்பையைத் தேடினால் வெள்ளெலியிடம் கிடைக்காது. சுண்டெலிக்கு உண்டு, வெள்ளெலிக்கு இல்லை. வேகமாக எடை குறையும் மனிதர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது அடிக்கடி பார்க்கும் சங்கதி. எத்தனை ஆயிரம் வெள்ளெலிகளுக்கு அறுவை செய்தாலும் அந்தத் தொல்லை அந்த ஆய்வுகளில் தலைகாட்டப் போவதில்லை. எலியால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஸ்லீவுக்குப் பிறகு மனிதர்களை வாட்டும் நெஞ்செரிச்சலையும் எதுக்களிப்பையும் எலி வந்து முறையிடப் போவதில்லை.

நோயின் வயதும் முக்கியம். கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்துச் சில மாதங்களில் குண்டாக்கிய சுண்டெலியின் சர்க்கரைக் கோளாறு இளசானது. பல சமயம் நம் மருத்துவர்கள் 'நோய்க்கு முந்தைய நிலை' என்று சொல்லும் கட்டத்தில்தான் இருக்கும். அதன் கணையம் இன்னும் களைத்துப்போகவில்லை. அண்ணனுக்கு ஏழு ஆண்டு. ஊரில் பலருக்கு இருபது ஆண்டு. மேலும் பெண் சுண்டெலிகள் அந்தத் தீவனத்தில் எளிதில் குண்டாவதில்லை என்பதால் பெரும்பாலான ஆய்வுகள் ஆண் சுண்டெலிகளில் நடந்தவை. மனிதர்களிலோ இந்த அறுவையைச் செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆய்வுக்கூடத்தின் 22 டிகிரி குளிரில் சுண்டெலி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே நிறைய ஆற்றலைச் செலவழிக்கிறது; அதற்கு இதமான வெப்பம் 30 டிகிரிக்குப் பக்கம். அதன் எடைக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

எல்லாவற்றையும்விட, எலி கூண்டில் இருக்கிறது. வெளியிலிருந்து வலி மாத்திரை வாங்கி விழுங்குவதில்லை. கல்யாணத்தில் பால் பாயாசத்தில் போளியைப் பிசைந்து சாப்பிடுவதில்லை. வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடுவதில்லை. எனவே, "குடலில் ஏதோ நடக்கிறது, அது வெறும் பட்டினி இல்லை" என்ற அளவுக்கு எலியை நம்புகிறேன். எந்த அறுவை, யாருக்கு, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு நம்பவில்லை.

ஸ்லீவா, பைபாஸா

நார்வேயில் சர்க்கரை நோயோடு உடல் பருமனும் உள்ள 109 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஸ்லீவும் மறு பாதிக்கு பைபாஸும் செய்தார்கள். 2019-இல் வெளியான முடிவு: ஓராண்டில் பைபாஸ் குழுவில் 74 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, அதாவது மருந்தில்லாமலே சர்க்கரை இயல்பாக இருந்தது; ஸ்லீவ் குழுவில் கிட்டத்தட்ட 47 சதவீதம். இடைவெளி பெரிது.

ஆனால் காலம் போகப் போக எல்லா எண்களும் சரிகின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வந்தது. ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். இத்தாலியில் 60 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான் பத்தாம் ஆண்டிலும் நோய் அடங்கியே இருந்தது. இந்தக் கடைசி எண்ணைத்தான் அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன். "போய்விடும்" என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும். நோய் திரும்பினாலும் பெரும்பாலோருக்கு முன்பைவிடக் குறைந்த மருந்தில் கட்டுப்படுகிறது என்பது உண்மை. அது சின்ன லாபமில்லை. ஆனால் அது வேறு வாக்குறுதி.

இங்கே எலி ஆய்வோடு மோதும் ஒரு மனித ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 2020-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சர்க்கரை நோயுள்ள 22 பேரை எடுத்துக்கொண்டார்கள். 11 பேர் பைபாஸால் எடை குறைத்தார்கள். 11 பேர் உணவுக் கட்டுப்பாட்டால். இரு தரப்பும் சுமார் 18 சதவீதம் எடை குறைந்த பிறகுதான் எல்லாச் சோதனைகளையும் செய்தார்கள். கல்லீரலின் இன்சுலின் உணர்திறன், கணையத்தின் செயல்பாடு, நாள் முழுதும் சர்க்கரையின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றிலும் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். அப்படியானால் ருபினோவின் எலிகள்? அவை மெலிந்த எலிகள். அவற்றின் கோளாறு வேறு. பருமனால் சர்க்கரை வந்த மனிதனுக்குப் பலனில் பெரும்பங்கு எடை குறைவதால் வருகிறது என்பது என் கணிப்பு. குடலின் மாற்றம் செய்யும் பெரிய உதவி, அந்த எடையை மறுபடி ஏறவிடாமல் பிடித்துவைப்பது. இதையும் எலிகளே காட்டின: ஸ்லீவ் செய்த எலிகள் சில வாரங்களில் பழையபடி தின்னத் தொடங்கினாலும் புதிய, குறைந்த எடையிலேயே நின்றன, தீவனத்தைக் குறைத்து இன்னும் மெலியவைத்தபோது, விட்டதும் கூடுதலாகத் தின்று அந்தப் புதிய எடைக்கே திரும்பின. உடம்பு காத்துக்கொள்ள நினைக்கும் எடையே மாறியிருக்கிறது. வெறும் டயட்டில் அது மாறுவதில்லை. டயட் இருந்தவர்கள் ஏன் ஓராண்டில் பழைய எடைக்குத் திரும்புகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்லுகிறவர்கள் இந்த எலிகளைப் பற்றிப் படிக்க வேண்டும்.

ஆக, சர்க்கரைக்காகவென்றால் பைபாஸ் ஒருபடி மேலே. அதற்காக உடம்பு கொடுக்கும் விலையும் அதற்குத் தக்கபடி. பைபாஸ் செய்தவருக்கு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுவதும் தேவை. ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை தேவை. ஏற்கெனவே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்தே இருக்கலாம். இனிப்பை அதிகம் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். மது சீக்கிரமே இரத்தத்தில் ஏறும். மதுவுக்கு அடிமையாகும் அபாயம் கூடுகிறது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடிப்பழக்கம் உள்ள வீட்டில் இதை மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் வீட்டார் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகைபிடித்தாலும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டாலும், குடலை இணைத்த இடத்தில் புண் வரும். ஆண்டுகள் கழித்துக்கூடக் குடல் உள்ளே சிக்கிக்கொண்டு கடும் வயிற்றுவலி வரலாம். அதை உடனே புரிந்துகொள்ளும் அறுவை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அறுவை செய்துகொண்டவருக்கு ஒரு ராத்திரியில் இந்த வலி வந்தால், மார்த்தாண்டத்தைத் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் நேரம் போய்விடும். நாகர்கோவிலிலேயே இதைப் பார்க்கக்கூடியவர் யார் என்பதை அறுவைக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஸ்லீவில் இந்தத் தொல்லைகள் குறைவு. குடல் தொடப்படுவதில்லை. வைட்டமின் தேவை உண்டு, ஆனால் அவ்வளவு கடுமையில்லை. அதன் பலவீனம் எதுக்களிப்பு: ஏற்கெனவே இருந்தால் கூடும், இல்லாதவருக்குப் புதிதாக வரும். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்கவும் முடியாது.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் கடலில், படகில் மாத்திரை ஒழுங்கு கடினம், நடுக்கடலில் வயிற்றுவலி வந்தால் கரை வரவே நாளாகும். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை எண் ஒன்றை மட்டும் பார்த்து பைபாஸைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ஸ்லீவையோ, அறுவையே இல்லாத வழியையோதான் சொல்வேன்.

அறுவையினால் உயிரிழப்பு அபாயம் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 4,776 பேரை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில் முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் 0.3 சதவீதம்.

வாராந்தர ஊசி

2025-இல் டிர்செபடைடு, செமாகுளூடைடு ஊசிகள் எடைக் குறைப்புக்கென்று இந்தியச் சந்தைக்கு வந்தன. முன்னே சொன்ன ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைச் செய்பவை இவை. அமெரிக்கப் பாலைவனத்து கிலா பல்லியின் உமிழ்நீரில் கிடைத்த ஒரு பொருள்தான் இந்த வகையின் முதல் மருந்துக்கு மூலம். அறுவையின் பலனில் ஒரு பகுதியைக் கத்தியில்லாமல் தருகின்றன என்று சொல்வது மிகையல்ல. சர்க்கரை நோய் இல்லாத பருமனானவர்களுக்கு டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எடை குறைத்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 15 சதவீதம்.

எலியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்த மருந்துகளே இன்னொரு பாடம். எலிகளுக்கு இவற்றைக் கொடுத்தபோது தைராய்டில் ஒருவகைக் கட்டி வந்தது. எலியின் தைராய்டிலுள்ள சி-செல்களில் ஜிஎல்பி-1 ஏற்பிகள் நிறைய. மனிதனிடம் மிகக் குறைவு. அதனால் மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடக்கூடாது என்ற எச்சரிக்கை நிற்கிறது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஊசியின் சிக்கல், நிறுத்தினால் எடை திரும்புவது. செமாகுளூடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். டிர்செபடைடு இங்கே வந்தபோது 5 மி.கி. குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரம் ஒன்று. அந்த விலையில் மாதம் 17,500 ரூபாயை எத்தனை ஆண்டு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டால், தனியார் மருத்துவமனையில் ஒருமுறை அறுவைக்கு ஆகும் செலவை ஊசி சில ஆண்டுகளில் தொட்டுவிடும். விலை குறைந்தால் இந்தக் கணக்கு மாறும். வாங்குகிற மாதத்து விலையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உணவு மட்டும்

பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு, இன்சுலின் போடாதவர்களாகத் தேர்ந்து, நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் சில மாதங்கள் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது; 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்த எண் 36 சதவீதமாக இறங்கியது. சர்க்கரை புதிதாக வந்தவர், உடல் நிறை எண் 30-ஐ ஒட்டி இருப்பவர் அறுவையைப் பற்றி யோசிக்கும் முன் இதைத்தான் மருத்துவர் மேற்பார்வையில் செய்து பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குத் தேவையானது எல்லாம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. சாளையும் நெத்திலியும் சிறந்த புரதம், பயறு இருக்கிறது, குறைக்க வேண்டியது பக்கத்தில் குவிகிற மரச்சீனிக் கிழங்கும், சோறும், மாலையில் தேநீரோடு வரும் ஏத்தங்காய் வறுவலும்தான்.

அண்ணனுக்கு நான் சொன்னது

2016-இல் பல நாட்டுச் சர்க்கரை நோய் அமைப்புகள் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலில், ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 32.5-க்கு மேல் இருந்து, மருந்தில் சர்க்கரை கட்டுப்படவில்லை என்றால் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. அண்ணன் அந்த வரம்புக்குள் வருகிறார். நோய்க்கு ஏழு ஆண்டு. இன்சுலின் இன்னும் தொடங்கவில்லை. அது அவருக்குச் சாதகம். ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல் வருகிறது என்று மைனி சொன்னார். அது ஸ்லீவுக்கு எதிரான சான்று. ஆனால் முழங்கால் வலிக்கு அண்ணன் தினமும் வலி மாத்திரை போடுகிறார். அது பைபாஸுக்கு எதிரானது. இரண்டும் ஒரே உடம்பில்.

என் தீர்ப்பு பைபாஸ், ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதம் வலி மாத்திரையை நிறுத்தி, பாரசிட்டமாலோடும் பிசியோதெரபியோடும் சமாளிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதே மூன்று மாதம் உணவையும் குறைக்க வேண்டும். கொஞ்சம் எடை இறங்கினால் முழங்காலே பாதி வழிக்கு வரும், கல்லீரல் சுருங்கி அறுவையும் எளிதாகும். முடியவில்லை என்றால் பைபாஸ் வேண்டாம். ஊசியில் ஓராண்டு பார்க்கலாம். ஸ்லீவை அவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

"அப்படியானால் ஸ்லீவுதான் சுலபம் என்று எல்லாரும் சொல்கிறார்களே" என்று மைனி கேட்டார். மருத்துவருக்கும் முதல் மாதத்துக்கும் அது சுலபம்தான். பத்து ஆண்டு எதுக்களிப்போடு தூங்கப் போகிறவர் அண்ணன் என்றேன். கல்யாண வீட்டுப் பாயாசத்தைப் பற்றியும் கேட்டார். ஒரு கரண்டி ருசி பார்க்கலாம், இலை நிறைய முடியாது. அதை அவர் மனதார ஏற்றுக்கொள்கிறாரா என்பதை அறுவை மேசையில் ஏறும் முன் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளையும் எழுதிக் கொடுத்தேன். கணையத்தில் எவ்வளவு திறன் மிச்சம் என்று காட்டும் சி-பெப்டைடு: அது மிகவும் குறைந்திருந்தால் எந்த அறுவைக்கும் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது, முடிவையே மாற்ற வேண்டும். எண்டோஸ்கோபி. பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் ஸ்கேன். பி12, இரும்பு, வைட்டமின் டி. கண்ணின் விழித்திரைப் பரிசோதனை; சர்க்கரை திடீரென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை மோசமாகக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: சர்க்கரை நோயாளிகளுக்கு நீங்கள் செய்த பைபாஸில் ஐந்தாண்டு கடந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அறுவைக்குப் பிறகு மாத்திரைகளைக் குறைப்பது உங்கள் பொறுப்பா, இங்கே பார்க்கும் சர்க்கரை மருத்துவரின் பொறுப்பா? நடுராத்திரியில் வயிறு வலித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, அங்கே யார் எடுப்பார்கள்?